நாவலப்பிட்டி வழியாகக் கண்டி

என் அருமை மகனே,

இதைப் பிரிக்கும்போது நீ ஆபீசில் இருந்தால் மூடி வைத்துவிடு. வீட்டுக்குப் போய், கை கால் கழுவி, ஒரு காபி போட்டுக்கொண்டு உட்கார்ந்து படி. தினம் இரண்டு தடவை போனில் பேசிக்கொள்கிறோமே, பிறகு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் சொன்னால் முதல் வாக்கியம் முடிவதற்குள் "அம்மா, அம்மா, கொஞ்சம் இரு" என்று நடுவில் புகுந்துவிடுவாய். அந்தப் பழக்கம் உனக்கு என்னிடமிருந்து வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன். கண்டியில், அம்பிட்டிய மேட்டில், ஸ்டெல்லா டீச்சர் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். காலடியில் அவர் நாய் சீசர் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறது. கூரைமேல் குரங்குக் கூட்டம் வந்திருக்கிறது, ஆனால் ஓட்டைத் தொடாது, தொட்டால் என்ன நடக்கும் என்று அதற்குத் தெரியும். நான் நன்றாக இருக்கிறேன். கடிதம் என்றால் எழுதியாக வேண்டுமே என்று எழுதுகிற 'நன்றாக' இல்லை. அறுபத்து மூன்று வயதில் இவ்வளவு நன்றாக இருக்க முடியும் என்று எனக்கே இதுவரை தெரியாது.

நேற்று நீ போனில் என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? "எங்கம்மா ஒரு சின்னச் சிக்கல்கூட இல்லாம தனியா கண்டி போய்ச் சேர்ந்துட்டாங்கன்னு பெரியப்பாகிட்டக்கூடச் சொல்லிட்டேன். நீ ஜெயிச்சுட்டம்மா. வீட்டைப் பத்தி இனிமே நான் வாயே திறக்க மாட்டேன்" என்றாய். உன் குரலில் அவ்வளவு பெருமை. போனை வைத்துவிட்டுச் சோற்றைப் பிசைந்தேன், பிசைந்ததைச் சீசருக்கு ஊட்டிவிட்டேன். ஏனென்றால் நான் உன்னிடம் பொய் சொன்னேன். சிக்கல் இல்லாமல் வரவில்லை. மகனே, சிக்கலைத் தவிர அன்று வேறு ஒன்றுமே நடக்கவில்லை.

முதலில் நம் பந்தயத்தை ஒரு தடவை சொல்லிவிடுகிறேன், நாளைக்கு நீயோ நானோ மாற்றிப் பேசக்கூடாது. அப்பாவின் இரண்டாம் வருஷத் திதிக்கு நீ திண்டுக்கல் வந்தாய். திதிச் சாப்பாடு முடிந்து இலை எடுப்பதற்குள் ஒரு தரகரைக் கூட்டிவந்து வீட்டைச் சுற்றிக் காட்டினாய். என் அடுப்படிக்குள் நின்று ஒரு ஆள் சுவரைத் தட்டிப் பார்க்கிறான்! எனக்கு வந்த கோபத்தில் கரண்டியோடு வெளியே வந்தேன். நீ நிதானமாகக் கேட்டாய்: "தனியா இருந்துக்குவேங்கிறியே, நீ தனியா பஸ் ஏறிப் பழனி வரைக்குமாவது போயிருக்கியா?" போனதில்லைதான். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் உட்கார்ந்து டில்லிக்கும் பம்பாய்க்கும் கொழும்புக்கும் ஊரார் பேச இணைப்புக் கொடுத்தவள் நான், ஆனால் டிக்கெட்டைக் கையால் தொட்டதில்லை. டிக்கெட் உங்கப்பா சட்டைப்பையில் இருக்கும், நான் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே பின்னால் நடப்பேன். அன்றைக்குத்தான் ஸ்டெல்லா டீச்சரின் செய்தி வந்திருந்தது. எட்டு வருஷத்துக்கு முன் வேளாங்கண்ணியில் அறை கிடைக்காமல் ஒரே வராந்தாவில் இரண்டு ராத்திரி படுத்துக் கிடந்தபோது பழக்கமானவர். இத்தாலியில் அவர் மகளுக்குத் தலைப்பிரசவம், வீட்டையும் நாயையும் கோழியையும் ஒன்றரை மாதம் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தார். "பழனி என்னடா பழனி, நான் கண்டிக்கே போறேன்" என்றேன். நீ சிரித்தாய். "ஒரு சிக்கல் இல்லாம போய்ச் சேர்ந்து காட்டு, வீடு உன்னோடது. இல்லேன்னா பங்குனில காலி பண்ணிட்டு பெங்களூர் வந்துடணும்" என்றாய். சரி என்று உன் கையில் அடித்தேன். என் அடுப்படி, என் முருங்கை மரம், என் வாசல், எல்லாம் அந்தக் கையடியில் இருந்தது.

நீ ஏற்பாடு செய்த காரை வேண்டாம் என்று சொன்னது நான்தான், அதை மறுக்கவில்லை. விடியற்காலையில் கட்டுநாயக்கா ஏர்போர்ட்டில் இறங்கி, பஸ் பிடித்து, கொழும்புக் கோட்டை ஸ்டேஷனுக்கு வந்து, வரிசையில் நின்று டிக்கெட்டும் வாங்கிவிட்டேன். அதுவரை நான் நடந்த நடையை நீ பார்த்திருக்க வேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் டிக்கெட்டை நீட்டிக்கொண்டே ஏதோ சொன்னார். "பேராதனை" என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது. திரும்பக் கேட்டிருக்கலாம். ஆனால் பின்னால் பத்துப் பேர் நிற்கிறார்கள், இந்தியாவிலிருந்து ஒரு கிழவி வந்து விழிக்கிறாள் என்று நினைத்துவிடுவார்களே என்று, எல்லாம் தெரிந்தவளாகத் தலையை ஆட்டினேன். என் வாழ்க்கையில் நான் செய்த முக்கால்வாசித் தப்பு இப்படித் தலையாட்டிச் செய்ததுதான். அவர் சொன்னது இதுதான்: இந்த ரயில் கண்டி டவுனுக்குள் போகாது, பேராதனைச் சந்தியில் இறங்கி வேறு ரயிலோ பஸ்ஸோ மாற வேண்டும்.

இரண்டாவது தப்பு, மாவு. சிரிக்காதே. புது ஊரில் முதல் நாளே உளுந்துக்கும் அரிசிக்கும் அலைய வேண்டாம் என்று, கிளம்புகிற அன்று சாயங்காலம் அரைத்து, உங்கப்பாவின் பழைய ஹார்லிக்ஸ் டப்பா இரண்டில் நிறைய நிறைய ஊற்றி, மூடியை இறுக்கி, மேலே துணியைக் கட்டி, பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தேன். மேலே இடம் விடாமல் ஊற்றினால் மாவு என்ன செய்யும் என்று நாற்பது வருஷமாக இட்லி அவிக்கிறவளுக்குத் தெரியாதா? தெரியும். பதற்றத்தில் மறந்தேன். ரயிலில் பெட்டியைத் தலைக்கு மேலே தட்டில் வைத்திருந்தேன். கடுகண்ணாவை ஏற்றத்தில் ரயில் மூச்சுவாங்கி ஏறிக்கொண்டிருந்தபோது மேலே "டப்" என்று ஒரு சத்தம். எல்லோரும் நிமிர்ந்து பார்த்தோம். பெட்டியின் ஜிப் வழியாக மாவு வெள்ளையாக எட்டிப்பார்த்தது. அப்புறம் சாவகாசமாக இறங்கி, எதிரே பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவர் தோளிலும், என் தலையிலும், புதுப் பட்டுச்சேலை முந்தானையிலும் விழுந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்தப் பெரியவர் சிங்களத்தில் ஏதோ கேட்டார். நான் பதிலுக்கு "மன்னிச்சிருங்க, மன்னிச்சிருங்க" என்று கும்பிட்டேன். அவர் தோளிலிருந்து ஒரு விரல் எடுத்து முகர்ந்து பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "ஆப்ப?" என்றார். "ஆமாங்க, ஆப்பமும் சுடலாம், இட்லியும் அவிக்கலாம்" என்றேன். ரயில் பெட்டியே சிரித்தது. அவர் தன் பேப்பரைத் தாள் தாளாகப் பிரித்துக் கொடுக்க, நான் சீட்டுக்கு அடியில் குனிந்து துடைத்துக்கொண்டிருந்தேன். ரயில் ஒரு இடத்தில் நின்றது, ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள், மறுபடி கிளம்பியது. நான் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

பக்கத்தில் யோகா என்று ஒரு பெண். கொழும்பில் துணிக்கடையில் வேலை, லீவுக்குத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் அம்மா அப்பாவைப் பார்க்கப் போகிறாள். பேச்சைக் கேட்டால் நம் திண்டுக்கல் பிள்ளை என்றே சொல்வாய். என் தலையிலிருந்த மாவைத் தன் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "அம்மா, நீங்க எங்க போறீங்க?"

"கண்டிக்கும்மா. இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஐயோ! கண்டிக்குப் பேராதனையில இறங்கியிருக்கணுமே. இப்பத்தான் போச்சு!"

அடுத்த ஸ்டேஷனில் இறங்கிவிடுகிறேன் என்று துடித்தேன். "இந்தக் கூட்டத்துல ரெண்டு பெட்டியோட நீங்க வாசலுக்குப் போறதுக்குள்ள ரயில் எடுத்துருவான். எங்கூட நாவலப்பிட்டியில இறங்குங்க, நானும் அங்கதான் இறங்குறேன். அங்கருந்து கண்டிக்கு பஸ் இருக்கு, உக்காந்தே போகலாம்" என்றாள். அப்படித்தான் மகனே, உன் அம்மா தனியாகப் போன முதல் பயணத்தில், பேராதனையைத் தாண்டி மலைக்குள் ஒரு மணி நேரம் போய், புளித்த மாவு வாசனையோடு நாவலப்பிட்டி ஸ்டேஷனில் இறங்கினாள்.

என் போன் இந்த நாட்டில் அன்று காலையிலிருந்தே செத்துக் கிடந்தது. யோகா தன் போனிலிருந்து நெட் கொடுத்தாள். கொடுத்ததும் நீதான் வந்தாய். "எங்கம்மா இருக்க?" என்றாய். நான் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. "கண்டி வந்துட்டேன்டா" என்றேன். "பின்னால என்ன சத்தம்?" "கண்டி ஸ்டேஷன்டா, மைக்ல ஏதோ சொல்றாங்க." "வீடியோல வா" என்றாய், நெட் சரியில்லை என்றேன். தலையில் மாவோடு எப்படி வீடியோவில் வருவது? யோகா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். போனை வைத்ததும், "ஏம்மா பொய் சொல்றீங்க? மகன் திட்டுவாரா?" என்று கேட்டாள். எனக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. ஏனென்றால் அந்தக் கேள்விக்கான பதிலை நான் முன்பே ஒரு தடவை உன் வாயால் கேட்டிருக்கிறேன். உனக்கு வேலை போன அந்த ஐந்து மாதமும் காலையில் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போவது போலவே போய்க்கொண்டிருந்தாயே, உன் பெண்டாட்டி சொல்லித்தானே எனக்குத் தெரியும். "ஏண்டா எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன். "சொன்னா திட்டுவே" என்றாய். இரண்டே சொல். அன்று எனக்கு உன்மேல் கோபம்தான் வந்தது. நாவலப்பிட்டியில்தான் விளங்கியது.

ஸ்டேஷன் மாஸ்டர் சிங்களவர். என்னைப் பார்த்ததும் விஷயம் தெரிந்துவிட்டது. "கவலப்பட வேணாம் அம்மா. வாரத்துக்கு ரெண்டு மூணு பேரு இப்பிடி வாறது. வெள்ளக்காரங்களும் வாறது" என்று தன் தமிழில் சொல்லி, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, பால் விடாத தேநீர் ஒன்று கொடுத்தார். யாரும் என்னைத் திட்டவில்லை. "படிச்சவதானே, போர்டைப் பாக்கத் தெரியாதா" என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தத் தேநீரைக் குடிக்கும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. வழி தவறிய பயத்தில் இல்லை. உனக்கு ஒன்பது வயதில் நடந்தது ஞாபகம் வந்துதான்.

டியூஷன் முடிந்து வீட்டுக்கு வர வேண்டியவன் தப்பான பஸ்ஸில் ஏறி வத்தலக்குண்டு போய்விட்டாய். எனக்கு அன்று சாயங்கால டியூட்டி. உங்கப்பா வந்து சொன்னதும் ஹெட்செட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். ஊர் முழுக்கத் தேடினோம். விளக்குப் போட்ட பிறகு ஒரு பஸ்ஸிலிருந்து, பையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, நீயாகவே இறங்கினாய். என்னைப் பார்த்ததும் உன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. நான் என்ன செய்தேன்? அத்தனை பேர் முன்னால் ஓங்கி ஒரு அறை விட்டேன். "எருமை, போர்டைப் பாத்து ஏறத் தெரியாதா?" நீ ஏதோ சொல்ல வாயைத் திறந்தாய். இன்னொரு அறை. அதோடு நீ வாயை மூடியவன்தான். அப்புறம் உன் பரீட்சை நுழைவுச் சீட்டு தொலைந்தது எனக்குத் தெரியாது. வண்டியிலிருந்து விழுந்து கை பிசகியது தெரியாது. வேலை போனதும் தெரியாது. "போய்ச் சேர்ந்துட்டேம்மா" என்பது மட்டும் தவறாமல் வரும். பிள்ளை எவ்வளவு பொறுப்பு என்று நான் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன். பயத்தில் அடித்தேன் என்று இவ்வளவு நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். பயம் எனக்கு, அடி உனக்கு. இது என்ன நியாயம்?

அழுதுகொண்டிருக்க நேரம் இல்லை. மணி பன்னிரண்டே முக்கால். இத்தாலி விமானத்துக்கு ஸ்டெல்லா டீச்சரின் வேன் இரண்டு மணிக்கு அம்பிட்டியவிலிருந்து கிளம்ப வேண்டும். சீசர் வயதான நாய், தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து கையால் ஊட்டினால்தான் தின்னும். நான் காலையிலேயே வந்து, டீச்சரோடு சேர்ந்து ஒரு வேளையாவது ஊட்டிப் பழகிக்கொள்வதாக ஏற்பாடு. பக்கத்துக் கடை நானா, முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், நல்ல மனிதர், கோழியைப் பார்த்துக்கொள்வார், ஆனால் அவர்கள் வீட்டுக்குள் நாயை வைத்துக்கொள்ள மாட்டார்கள். போனில் கூப்பிட்டேன். டீச்சர் உடைந்துவிட்டார். "அக்கா, நீங்க வர்றதுக்குள்ள எனக்கு நேரம் போயிரும். சீசரைப் பூட்டிப் போட்டுட்டு எப்படிப் போவேன்? பரவாயில்ல, நான் டிக்கெட்டை விட்டுர்றேன். மகளுக்கு வேற யாராச்சும் பாத்துக்கிடுவாங்க" என்று அழுகிறார். என் பந்தயம் போவது ஒரு பக்கம் இருக்கட்டும். என் மாவாலும் என் தலையாட்டலாலும் ஒரு தாய் தன் மகளின் தலைப்பிரசவத்துக்குப் போகாமல் நிற்பதா? அப்போதுதான் எனக்குள்ளிருந்த ஆபரேட்டர் விழித்துக்கொண்டாள். எக்ஸ்சேஞ்சில் ஒரு ஊருக்கு நேர் லைன் கிடைக்காவிட்டால் கிடைக்கவில்லை என்று வைத்துவிட மாட்டோம். இரண்டு லைனும் எந்த ஊரில் சந்திக்கும் என்று பார்த்து, அந்த ஊர் வழியாகக் கொடுப்போம். ஸ்டேஷன் மாஸ்டரிடம் கேட்டேன்: "கண்டியிலிருந்து ஏர்போர்ட் போற வேன் எந்த வழியா போகும்?"

"பேராதனை."

"நான் ஏறப்போற பஸ் எந்த வழியா கண்டி போகும்?"

"அதும் பேராதனை தானே" என்றவர் கையைத் தட்டிச் சிரித்தார்.

டீச்சரிடம் சொன்னேன்: "அழுகைய நிறுத்துங்க. ரெண்டு மணிக்கு உங்க நேரப்படி கிளம்புங்க. சாவியையும் சீசரையும் வேன்ல ஏத்துங்க. பேராதனைப் பூந்தோட்ட வாசல்ல நான் நிப்பேன்." எதிர்முனையில் "அக்கா, நிசமாவா நிப்பீங்க?" என்று ஒரு சின்னக் குரல். "நான் கொடுத்த லைன் அறுந்ததில்ல டீச்சர்" என்றேன். அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று கேட்காதே. யோகா என் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிவந்து, டிரைவருக்குப் பின்னால் என்னை உட்காரவைத்து, கண்டக்டரிடம் சிங்களத்தில் இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனாள். இந்தத் தடவை நான் தலையாட்டவில்லை. கம்பளையில் கேட்டேன், கெலிஓயாவில் கேட்டேன், நடுவில் பாலம் வந்தபோதும் கேட்டேன். கண்டக்டர் கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். சிரித்தால் சிரித்துக்கொள்ளட்டும், கேட்க எனக்கு என்ன வெட்கம்?

இரண்டே காலுக்குப் பூந்தோட்ட வாசலில் நின்றேன். மழை தூறியது. சுற்றுலா வந்தவர்கள் எல்லாம் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள், அவ்வளவு வாசனை. இரண்டரை மணி தாண்டிய பிறகு வெள்ளை வேன் வந்து நின்றது. டீச்சர் குதித்து இறங்கினார், எட்டு வருஷத்துக்குப் பிறகு பார்க்கிறோம், கட்டிப்பிடிக்கக்கூட நேரமில்லை. ஒரு கையில் சாவிக்கொத்து, இன்னொரு கையில் சீசரின் கயிறு. "புது ஆளுகிட்ட போகவே போகாதக்கா, கடிச்சாலும் கடிக்கும், பாத்து" என்று நீட்டினார். சீசர் என்னை முறைத்தது. ஒரு அடி வைத்தது. என் முந்தானையை முகர்ந்தது. அப்புறம் பார்க்கிறேன், காய்ந்துபோன மாவை நக்கு நக்கு என்று நக்குகிறது! முந்தானை முடிந்து, கை, கை முடிந்து, பெட்டி. டீச்சர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். பிறகு நடுரோட்டில் அழுதுகொண்டே சிரித்தார், நானும் சிரித்தேன், வேன் டிரைவரும் சிரித்தான். "போங்க டீச்சர், பேரப்பிள்ளை காத்திருக்கு" என்று அவரை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தியது நான். அந்த வேன் கொழும்புப் பக்கம் திரும்பி மறைந்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வேன்! உன்னைப் பெற்றெடுத்த அன்று ஒன்று, ரிடையர் ஆன அன்று ஒன்று, அதற்கு அடுத்தது அதுதான்.

அப்புறம் ஒரு மூன்று சக்கர வண்டியில் நான், பெட்டிகள், மடியில் நாய். அம்பிட்டிய மேட்டில் இறங்கியபோது வீட்டின் கூரைமேல் ஏழு குரங்குகள் ஓட்டைக் கிளப்பிக்கொண்டிருந்தன. நானா கடையிலிருந்து ஓடிவந்தார். "நீங்கதானா இந்தியாவிலிருந்து வந்தீக்கிற அம்மா? டீச்சர்ட வீடு இதுதான். பயப்படாதீங்க, கொஞ்சம் சத்தம் போட்டா ஓடிரும்" என்றார். சத்தம்தானே? திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்த குரல் இது. ஒரே ஒரு அதட்டல் போட்டேன். குரங்குகள் போன திசை தெரியவில்லை, நானாவும் இரண்டடி பின்னால் போய்விட்டார். அந்தக் குரலுக்கு உருப்படியாக ஒரு உபயோகம் கிடைத்தது அன்றுதான். ராத்திரிக்கு முன்னால் டப்பாவில் மிச்சமிருந்த மாவில் எட்டு இட்லி வந்தது. எனக்கு நாலு, சீசருக்கு இரண்டு, நானா வீட்டுக்கு இரண்டு.

போன ஞாயிற்றுக்கிழமை நான் என்ன செய்தேன் தெரியுமா? ஐம்பது இட்லி அவித்து, தூக்கில் வைத்து, கண்டி ஸ்டேஷனில் ரயில் ஏறி, பேராதனையில் இறங்கி, மாறி ஏறி, நாவலப்பிட்டிக்குப் போனேன். வேண்டுமென்றே போனேன். ஸ்டேஷன் மாஸ்டர் என்னைப் பார்த்துவிட்டு, "ஐயோ அம்மா, மறுபடியும் பேராதனைய உட்டாச்சா?" என்றார். "இல்ல சார், இன்னிக்கு எனக்கு இங்கதான் இறங்கணும்" என்றேன். யோகா லீவு முடிந்து கொழும்புக்குப் போய்விட்டாள், அவள் போனில் சொல்லி அவள் அம்மா வந்து பாதியை வாங்கிக்கொண்டுபோனார், மீதி ஸ்டேஷனில் இருந்தவர்களுக்கு. இத்தாலியில் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, அதற்கு என் பெயரையும் ஒரு ஓரத்தில் சேர்த்திருக்கிறார்களாம். அடுத்த வெள்ளிக்கிழமை டீச்சர் வந்துவிடுவார், சனிக்கிழமை நான் கிளம்புகிறேன்.

ஆக, நீ போட்ட பந்தயப்படி பார்த்தால் நான் தோற்றுவிட்டேன். "ஒரு சிக்கல் இல்லாம" என்றுதான் நாம் கையடித்தோம். எத்தனை சிக்கல் என்று நீயே எண்ணிக்கொள். இதை மறைத்திருந்தால் வீடு என் கையில் நின்றிருக்கும், எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன். ஆனால் மகனே, இப்போது சொல்கிறேன் கேள், வீட்டைக் கொடுக்கமாட்டேன். பந்தயத்தில் ஜெயித்ததால் இல்லை. வழி தவறினால் திரும்பி வரத் தெரிந்தவள் தனியாக இருக்கலாம், அதனால். தவறாமல் போவது யாருக்கும் கைவராது, உங்கப்பாவும் எத்தனையோ தடவை தப்பு ரயில் ஏறியிருப்பார், பின்னால் நடந்த எனக்குத்தான் தெரியவில்லை. அந்தத் தரகரின் நம்பரை அழித்துவிடு. விழுந்தால் சொல்வேன், காய்ச்சல் வந்தால் சொல்வேன், பால் பொங்கி அடுப்பை அணைத்தால் அதையும் சொல்வேன். இனி நான் "நல்லா இருக்கேன்" என்று சொன்னால் அது நிஜம். நீயும் எனக்கு அப்படியே சொல்ல வேண்டும். இதுதான் நான் உனக்குச் சொல்லும் ஒரே புத்திமதி, அதையும் இவ்வளவு வயதான பிறகு நாவலப்பிட்டியில்தான் கற்றுக்கொண்டேன்.

இனி என் பக்கத்துப் பாக்கி ஒன்று இருக்கிறது. அன்றைக்கு உன் பையில் டியூஷனிலிருந்து வீட்டுக்கு வருகிற பஸ் காசு மட்டும்தான் இருந்தது. வத்தலக்குண்டில் யாரையும் உனக்குத் தெரியாது. ஒன்பது வயதுப் பிள்ளை அவ்வளவு தூரத்திலிருந்து தானாகவே திரும்பி வந்திருக்கிறாய். யாரைக் கேட்டாய், என்ன சொன்னாய், யார் பஸ் ஏற்றிவிட்டார்கள்? ஒன்றும் எனக்குத் தெரியாது, ஏனென்றால் நான் கேட்கவே இல்லை. பஸ்ஸிலிருந்து இறங்கும்போது நீ சிரித்தாயே, அந்தச் சிரிப்பு என்னவென்று இப்போது எனக்குத் தெரியும் மகனே. வேன் கதவைச் சாத்திவிட்டுப் பேராதனையில் நான் சிரித்ததும் அதே சிரிப்புதான். நீ ஜெயித்துவிட்டு வந்தாய், நான் அடித்தேன்.

சனிக்கிழமை மதுரையில் வந்து இறங்குகிறேன், திண்டுக்கல்லுக்கு நானே பஸ்ஸில் வந்துவிடுவேன். நீ மட்டும் பெங்களூரிலிருந்து கிளம்பி வந்து, திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் நான் உன்னை அடித்த அந்த இடத்தில் நில். இறங்கியதும் என் கதை எதுவும் சொல்லமாட்டேன், அது இந்தக் கடிதத்தோடு முடிந்தது. அன்றைக்கு என்ன சொல்ல வாயைத் திறந்தாய் என்று முதலிலிருந்து சொல். முப்பது வருஷம் ஊரார் பேசி முடிக்கும் வரை லைனை அறுக்காமல் காத்திருந்தவள் நான். உனக்கும் காத்திருப்பேன், நடுவில் ஒரு வார்த்தை பேசமாட்டேன்.

உன் அம்மா